ஜிஎஸ்எம் சொல்லாத சேதி: புகைப்படப் புத்தகத்துக்கு எந்தத் தாள்?

புகைப்படப் புத்தகம் அச்சிட வருகிறவர்கள் கவுண்டரில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை ஜிஎஸ்எம் போடுவீங்க?" மாதிரிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். தடித்திருந்தால் தரம், மினுமினுத்தால் இன்னும் தரம். கடைக்காரரும் அந்த ஆசைக்கு ஏற்ற பதிலைத் தயாராக வைத்திருப்பார்: "முந்நூறு சார். கிழிக்கவே முடியாது, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

நானும் அப்படிக் கேட்டவன்தான். என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு எண்பது பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டோம். இருந்ததிலேயே கனமானதாகப் பார்த்து 300 ஜிஎஸ்எம் கிளாஸ் ஆர்ட் கார்டு கேட்டேன். அச்சகத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகில் சூடான பசை போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதைத் திறந்து வைக்கவே முடியாது என்று. இரண்டு கையாலும் அமுக்கினால் பாதி திறக்கும். கையை எடுத்தால் எலிப்பொறி மாதிரி மூடிக்கொள்ளும். மாலை மாற்றும் படத்தில் அம்மா இடப்பக்கம், அப்பா வலப்பக்கம். நடுவிலிருந்த மாலை முழுக்க மடிப்புக்குள் போய்விட்டது. இரண்டாவது கோடையில் முதுகுப் பசை விண்டுபோய், பக்கங்கள் சீட்டுக்கட்டுபோலக் கையோடு வந்தன. தாளில் மட்டும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

தாளைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அந்தப் புத்தகம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. என்ன மாதிரிப் படங்கள், எந்த இயந்திரத்தில் அச்சாகிறது, எப்படிக் கட்டப்போகிறார்கள், எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக வர வேண்டியது தாள். நாமோ பெண் பார்க்கப் போவதற்கு முன்பே பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

எடை வேறு, தடிமன் வேறு

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அவ்வளவுதான். சென்னை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் விசாரித்தால் ஆர்ட் பேப்பர் 90, 100, 130, 170 என்று ஏறிக்கொண்டே போய், 220 வாக்கில் ஆர்ட் கார்டு என்று பெயர் மாறி 300க்கு மேலும் போகும். இந்த எண்களை வைத்துத் தடிமனை ஊகிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரே 170 ஜிஎஸ்எம்மில் கிளாஸ் ஆர்ட் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர், மேட் ஆர்ட் 0.16 பக்கம், பூச்சில்லாத தாள் 0.21 வரை போகும். ஒரே அளவு மாவில் உதிரியாகப் புட்டும் செய்யலாம், இறுக்கிப் பிடித்துக் கொழுக்கட்டையும் செய்யலாம் அல்லவா? கிளாஸ் தாள் உருளைகளுக்கு நடுவே இறுக்கப்பட்ட கொழுக்கட்டை. நூறு பக்கம், அதாவது ஐம்பது தாள் கொண்ட ஒரு புத்தகம், கிளாஸில் 7 மில்லிமீட்டர். பூச்சில்லாத தாளில் பத்தரை. எடை இரண்டுக்கும் ஒன்றே.

விறைப்பு என்பது இன்னொரு கணக்கு. ஒரே பொருளில் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. என் 300 ஜிஎஸ்எம் எலிப்பொறியின் ரகசியம் இதுதான். சாதாரணமாக முதுகில் ஒட்டும் அல்லது தைக்கும் புத்தகத்துக்கு 150 முதல் 170 வரை போதும். 200ஐத் தாண்டினால் பக்கம் புரள்வதில்லை, பலகைபோல எழுந்து நிற்கிறது. கையில் தாங்கும் பாரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் உள்ள சதுரப் புத்தகம், நூறு பக்கம், 170 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டும் 765 கிராம். அதையே 300இல் போட்டால் 1,350 கிராம். அட்டையையும் சேர்த்து அதைப் பாட்டியின் மடியில் வைத்துப் பாருங்கள்.

கீழ்ப்பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 130க்குக் கீழே இறங்கினால் பின்பக்கத்து ஆள் முன்பக்கத்து வானத்தில் நிழலாக வந்து நிற்பார்.

வெள்ளையடித்த தாள்

ஆர்ட் பேப்பர் என்பது பட்டி பார்த்த சுவர் மாதிரி. அடித்தாளின் இரண்டு பக்கமும் கால்சியம் கார்பனேட்டையும் வெண்களிமண்ணையும் பசையோடு குழைத்துப் பூசுகிறார்கள். நார்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் அடைபட்டுவிடுவதால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பூசிய தாளை உருளைகளில் அழுத்தித் தேய்த்தால் கிளாஸ். தேய்ப்பைக் குறைத்துக்கொண்டால் மேட். இரண்டுக்கும் நடுவே மெல்லிய மினுக்கம் மட்டும் உள்ளது சில்க். நம் ஊர்க் கடைகளில் சில்க்கையும் மேட் ஆர்ட் என்றே கொடுத்துவிடுவார்கள். இதில் பெரிய மோசமில்லை, பல சமயம் நமக்கு வேண்டியது அதுதான்.

பூச்சு எதற்கு என்று ஓர் எண்ணால் காட்டலாம். ஆஃப்செட் அச்சுக்கான சர்வதேசத் தரக்குறிப்பு ஐஎஸ்ஓ 12647-2. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கிறார்கள். 0 என்றால் முழு இருட்டு. நல்ல பூச்சுத் தாளில் கறுப்பு மையின் அளவு 16. பூச்சில்லாத தாளில் அதே மை 32. கோயில் பிராகாரத்து இருட்டையோ இரவுத் தேரோட்டத்தையோ எடுத்த ஒருவருக்கு இந்த வித்தியாசம் உயிர்போகும் விஷயம். திரையில் கன்னங்கரேலென்று இருந்த கருங்கல் தூண் மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத தாளில் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும். கூடவே மைப்புள்ளிகள் பூச்சில்லாத தாளில் அதிகம் பரவி, நிழல் பகுதியில் இருக்கிற விவரங்களையும் அடைத்துவிடும். இதைத் தாளின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். படக்கோப்பை அந்தத் தாளுக்குரிய வண்ண விவரக்கோப்போடு, அச்சகத்தார் புரொஃபைல் என்கிறார்களே அதோடு, மாற்றித் தராததன் குற்றம். பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா 51, பூச்சில்லாததற்கு ஃபோக்ரா 52 என்று தனித்தனியாகவே இருக்கின்றன. பழைய ஃபோக்ரா 39ஐயே எல்லாவற்றுக்கும் போடுகிற இடங்களும் உண்டு. கோப்பை அனுப்புவதற்கு முன் எந்த புரொஃபைல் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் கிளாஸ்தானே சிறந்தது? நம் வீடுகளில் படப் புத்தகத்தை எப்படிப் பார்க்கிறோம் என்று யோசியுங்கள். கூடத்தில் பாய் விரித்து, மேலே டியூப்லைட் எரிய, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறோம். நேரே இருப்பவருக்குக் கல்யாணப் பெண் தெரிவாள். பக்கவாட்டில் இருக்கிற அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் டியூப்லைட் மட்டுமே தெரியும். ஒவ்வொருவரும் புத்தகத்தைத் தன் பக்கம் சாய்க்க, மினுமினுப்பின் மேல் விரல்ரேகை விழ, அரைமணி நேரத்தில் ஒரு பக்கமும் சுத்தமாக இருக்காது. கறுப்பின் ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் எல்லோருக்கும் படம் தெரிவதே முக்கியம் என்பதால் வீட்டுப் புத்தகங்களுக்கு மேட் அல்லது சில்க் என்பது என் தீர்மானமான கட்சி.

மேட்டுக்கும் ஒரு நோய் உண்டு: உரசல். கருநீலமோ கறுப்போ பக்கம் நிறைய அடித்து எதிர்ப்பக்கத்தை வெள்ளையாக விட்டால், நாலு தடவை புரட்டியதும் வெள்ளையில் சாயம் ஏறும். பூச்சிலுள்ள கார்பனேட் துகள்கள் மெல்லிய உப்புத்தாள்போல மையைத் தேய்ப்பதுதான் காரணம். ஆஃப்செட் என்றால் மேலே ஒரு வார்னிஷோ அக்வஸ் கோட்டிங்கோ கேளுங்கள். மொத்தப் பக்கத்துக்கும் லாமினேஷன் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் மறுபக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துத் தாள் சுருளும். இரண்டு பக்கமும் ஒட்டினால் தாளைத் தொடும் சுகமே போய்விடும். லாமினேஷன் மேலட்டைக்கு ஏற்றது. உள்ளே வேண்டாம்.

ஒட்டிய காலமும் அச்சிட்ட காலமும்

படப் புத்தகத்துக்குத் தாள் தேடும் கவலை புகைப்படத்தின் வயதளவு பழையது. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் தால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலில் படங்கள் அச்சானவை அல்ல; வெள்ளி உப்பு ஏற்றிய தாளில் ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டியவை. பல பிரதிகளில் அவை மங்கிவிட்டன. நம் பக்கத்துக் கதையும் அதே காலத்தை ஒட்டியதுதான். 1856இல் மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றிப் பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிய சுருள் கிட்டத்தட்ட 19 அடி நீளம். அவருக்கு நெகட்டிவ் தாள், படத்தாள், ஒட்டும் அட்டை, பசை எல்லாமே தனித்தனிக் கவலை. இன்றைய நம் தேர்வு அதற்கு முன் விளையாட்டு.

பிறகு மையில் அச்சிடும் வழி வந்தது. புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரஸோனின் 1952 புத்தகத்தையும், இன்னொரு புகைப்படக்காரரான ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்கர்களைப் பற்றிப் போட்ட புத்தகத்தின் 1958ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பதிப்பையும் பாரிஸில் டிரேகர் அச்சகம் கிரேவர் முறையில் அடித்தது. செம்பு உருளையில் ஆழமாகவும் மேலோட்டமாகவும் குடைந்த குழிகளில் மை நிற்கும். ஆழமான குழி அதிக மையைத் தரும். அதனால் மினுக்கமே இல்லாத தாளிலும் வெல்வெட் மாதிரிக் கறுப்பு கிடைத்தது. அந்தப் புத்தகங்களின் பழைய பிரதியைக் கொண்டுவந்து காட்டி "இதே மாதிரித் தாள் வேணும்" என்று கேட்கிற இளம் புகைப்படக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தாள் கிடைத்துவிடும். கிரேவர் கிடைக்காது. ஆஃப்செட்டில் அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் கறுப்போடு ஒன்றோ இரண்டோ சாம்பல் மைகளையும் சேர்த்து அடிக்க வேண்டும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் கெர்ஹார்ட் ஸ்டைடல் தன் அச்சகத்திலேயே அடித்துப் பதிப்பிக்கிற புத்தகங்களை, புகைப்படக்காரர் தயாநிதா சிங்கினுடையவை உட்பட, எங்காவது கண்டால் மூக்கையும் விரலையும் வைத்துப் பாருங்கள். தாளும் மையும் ஒருவரே யோசித்தால் என்ன ஆகும் என்பது விளங்கும்.

இயந்திரத்துக்கேற்ற தாள்

ஆஃப்செட் என்றால் குறைந்தது சில நூறு பிரதி. சிவகாசியோ சென்னையோ, ஐந்நூறு ஆயிரம் என்று போனால்தான் பிளேட்டுக்கும் மேக்ரெடி என்கிற அச்சு முன்னேற்பாட்டுக்கும் கொடுத்த காசு தேறும். குடும்பப் புத்தகம் ஐந்து பிரதி, பத்துப் பிரதி. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது டிஜிட்டல்தான், அதிலும் மூன்று சாதி உண்டு.

முதலாவது திரவ மை. பென்னி லாண்டா 1977இல் தொடங்கிய இண்டிகோ நிறுவனம் 1993இல் கொண்டுவந்த இயந்திரத்தின் வழித்தோன்றல்கள். 2002 முதல் அது எச்பியின் கையில். இந்த மை தாளுக்குள் இறங்காது, மெல்லிய பிளாஸ்டிக் தோலாக மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் தாளின் மினுக்கம் மாறாமல் தெரியும். ஆஃப்செட்டுக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் டிஜிட்டல் இதுதான். ஆனால் தாள் இந்த மையைப் பிடித்துக்கொள்ளும்படி பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுக்கும் கைத்தாள் அதற்கு ஒத்துவராமல் போகலாம். சோதிப்பது சுலபம்: அடித்த தாளில் அடர்த்தியான நிறத்தின் மேல் செலோ டேப்பை ஒட்டி இழுத்தால், மை டேப்போடு வரக் கூடாது.

இரண்டாவது பவுடர் டோனர். நம் ஊர் டிஜிட்டல் கடைகளில் அதிகம் இருப்பது இது. டோனரைச் சூட்டில் உருக்கித் தாளில் பதிக்கிறார்கள். அந்தச் சூட்டில் தாளிலுள்ள ஈரம் ஆவியாகி, வெளியே வரும்போது தாள் வளைந்திருக்கும். மேட் தாளில் டோனர் விழுந்த இடம் பளபளக்கும், விழாத இடம் மங்கும். முகத்தின் நிழல் பக்கம் மட்டும் எண்ணெய் வழிவதுபோலத் தெரியும். சில்க் தாளில் இந்த வேறுபாடு குறைவு. சொரசொரப்பான தாளில் பள்ளங்களில் டோனர் இறங்காமல் வெள்ளைப் புள்ளிகள் விழும். மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே கோடு அழுத்தாமல், அதாவது கிரீஸிங் போடாமல், மடித்தால் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். இந்தக் குறைகளுக்கெல்லாம் தாளைத் திட்டுகிறவர்கள் உண்டு.

மூன்றாவதில் மையே கிடையாது: அசல் புகைப்படத் தாள். பழைய கலர் லேபில் பிரிண்ட் போட்ட அதே வெள்ளி உப்புத் தாளில் லேசரால் ஒளி பாய்ச்சி, ரசாயனத்தில் கழுவி எடுப்பது. காகித உள்ளுடலுக்கு இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் படலம், அதன் மேல் வண்ணம் பிறக்கும் ஜெலட்டின் அடுக்கு. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் 12க்கு 36 அங்குலம் விரியும் ஆல்பங்களில் பல இந்த வகை. புள்ளியே இல்லாத தொடர் நிறம். சந்தனப்பொட்டிலிருந்து கன்னத்துக்கு நிறம் இறங்குகிற அழகை வேறெந்த முறையும் இவ்வளவு மென்மையாகத் தருவதில்லை. இதில் ஒரு பக்கம்தான் படம் வரும் என்பதால், முதுகோடு முதுகாக அட்டை வைத்து ஒட்டுகிறார்கள். பக்கம் தட்டையாக விரியும், நடுமடிப்பில் மாப்பிள்ளையின் மூக்கு போகாது. தடித்த பக்கம் நியாயமாக இருக்கிற ஒரே இடம் இதுதான். அதற்காக நாற்பது விரிப்பு போட்டு, தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்கிற அளவுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. எழுதும் மையோ பந்துமுனைப் பேனாவோ இதில் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பெயர்களை எழுதி வைக்க நினைப்பவர்கள் படத்தோடு சேர்த்தே அச்சிட்டுக்கொள்வது நல்லது.

கிழியாத தாள் என்று விற்கும் என்டி ஷீட் காகிதமே அல்ல, பெரும்பாலும் பாலியெஸ்டர் வகைப் படலம். குழந்தைகள் கையில் கொடுக்கும் புத்தகத்துக்குச் சரியான பொருள். மற்றபடி அதில் அடித்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹோட்டல் மெனு கார்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நார் ஓடும் திசை

இதைப் பற்றிக் கேட்கிற வாடிக்கையாளரை இதுவரை நான் பார்த்ததில்லை. புத்தகம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இதில்தான்.

ஆலையில் கூழ் ஓடும் கம்பிவலையின் திசையில் நார்கள் படுத்துக்கொள்கின்றன. அச்சகத்தார் இதை கிரெய்ன் என்பார்கள். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில் பருக்கும். எனவே தாள் கிரெய்னுக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். கிரெய்ன் முதுகுக்கு இணையாக ஓடினால் தாள் வெளி ஓரத்துப் பக்கமாக விரிந்துகொள்ளும், தொந்தரவில்லை. குறுக்கே ஓடினால் முதுகில் பசை இறுக்கிப் பிடித்திருக்க, தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக நெளியும். பக்கமும் முரண்டு பிடிக்கும்.

அடுத்த முறை அச்சகம் போகும்போது, போடப்போகும் தாளில் வீணான ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை கையால் கிழியுங்கள். ஒரு பக்கம் அளவுகோல் வைத்ததுபோல நேராகக் கிழியும். மறுபக்கம் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிந்த திசைதான் கிரெய்ன். இன்னொரு வழி: உள்ளங்கை அளவு துண்டு ஒன்றின் ஒரு முகத்தை மட்டும் ஈரக்கையால் தடவி மேசையில் வையுங்கள். சில நொடிகளில் அது குழாய்போலச் சுருளும். குழாயின் நீளம் கிரெய்னின் திசை. பல ஆலைகள் ரீம் லேபிளிலேயே இரண்டு அளவுகளில் ஒன்றின் கீழே கோடு போட்டு இதைச் சொல்லியிருக்கும். அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

டிஜிட்டல் கடைகளில் புழங்கும் 12க்கு 18 தாளில் பெரும்பாலும் கிரெய்ன் 18 அங்குலப் பக்கமாக ஓடும். அதில் நிமிர்ந்த ஏ4 பக்கம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் முதுகு 12 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வந்துவிடும், கிரெய்ன் குறுக்கே. படுக்கை வாட்டத்து ஏ4 என்றால் அதே தாளில் சரியாக அமையும். புத்தகத்தின் வடிவத்தை முடிவு செய்யும்போதே இதைப் பார்த்துவிட்டால் செலவில்லாமல் தப்பிக்கலாம்.

தாளைச் சோதிக்கும் ஆய்வகங்களின் தரநிலை 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். ஏசி அறையில் அச்சாகி, கடலோரத்து வீட்டு அலமாரிக்குப் போகிற புத்தகத்துக்கு கிரெய்ன் பற்றிய கவலை ஐரோப்பியரைவிட நமக்கே அதிகம் இருக்க வேண்டும். முதுகுப் பசையும் அப்படித்தான். பூச்சுத் தாளில் ஹாட்மெல்ட் என்கிற சாதாரணச் சூட்டுப்பசைக்குப் பிடிப்பு குறைவு. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகும் பியூஆர் பசை பல மடங்கு உறுதி. ஆனால் மடித்த தாள்களைப் பாரம் பாரமாகத் தைத்துக் கட்டுவதற்கு இணை எதுவும் இல்லை.

எத்தனை நாள் இருக்கும்

பழைய நாளிதழ் மஞ்சளாவது ஏன் என்று தெரிந்தால் இதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். மரத்தை அரைத்த கூழில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது; வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கும். ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினை நீக்கிய கூழில் இந்தப் பிரச்சினை இல்லை. 1807இல் ஜெர்மானியர் இல்லிக் சொல்லிக்கொடுத்த படிகாரமும் ரோசினும் சேர்த்த பதம் உலகம் முழுக்கப் பரவி, தாளில் அமிலத்தைத் தங்கவைத்து, ஒன்றரை நூற்றாண்டுப் புத்தகங்களை முறுக்குபோல நொறுங்க வைத்தது. இப்போதைய ஆலைகள் பெரும்பாலும் கார முறைக்கு மாறிவிட்டன. 1994இல் வந்த ஐஎஸ்ஓ 9706 தரம், நெடுநாள் நிற்கும் தாளில் குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பு இருக்க வேண்டும் என்கிறது. மாதிரிப் புத்தகத்தில் 'ஆசிட் ஃப்ரீ' என்று மட்டும் போட்டிருந்தால் அரை பதில்தான். லிக்னின் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். சக்கையையும் வேகவைத்து லிக்னினை எடுத்துவிட்டுத்தான் செய்கிறார்கள். மழமழப்பும் அச்சுக்குத் தோதாகவே இருக்கும்.

வெண்மையில் ஒரு மாயம் உண்டு. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதுபோல, தாளை வெளுப்பாகக் காட்ட ஒளிர்வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்ந்து, தாள் தன் உண்மை நிறத்துக்கு இறங்கிவரும். மளிகைக் கடையில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழே மாதிரித் தாளையும் ஒரு ரூபாய் நோட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நோட்டின் வெறுந்தாள் சும்மா இருக்கும், தாள் நீலமாகக் கொழுந்துவிட்டு எரிந்தால் நீலம் நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளை வேட்டிப் படங்களும் மாநிற முகங்களும் நிறைந்த புத்தகத்துக்கு, நீலம் குறைந்த, சற்றே தயிர் வெள்ளைத் தாள் என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

மூடி வைத்த புத்தகத்தில் வெளிச்சம் படுவது கொஞ்சம்தான். நம் ஊரில் படங்களைக் கொல்வது ஈரமும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பொருளும். பழைய கறுப்பு அட்டை ஆல்பத்தில் மூலைக் கொக்கியில் செருகி, நடுவே பட்டர் பேப்பர் வைத்த தாத்தா கல்யாணப் படம் இன்னும் நன்றாக இருக்கிறது. எண்பதுகளில் வந்த பசைக்கோடு போட்ட ஸ்டிக்கர் ஆல்பத்திலும் பிவிசி உறையிலும் வைத்தவை பழுப்பேறி ஒட்டிக்கிடக்கின்றன. படத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் தாள் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனையில் 70 டிகிரி வெப்பத்திலும் 86 சதவீத ஈரத்திலும் 15 நாள் வைக்கிறார்கள். நம் மழைக்காலப் பரண் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் விடாமல் ஐம்பது வருடம் சோதனை நடத்துகிறது.

2015 டிசம்பரில் அடையாறு கரை உடைத்து வந்தபோது கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டில் அலமாரியைக் காலி செய்ய உதவினேன். பாடப்புத்தகங்களும் நாவல்களும் ஊறிப்போயிருந்தன. காயவைத்தபோது நெளிநெளியாக, ஆனால் படிக்கிற மாதிரி திரும்பி வந்தன. பூச்சுத் தாளில் அடித்த படப் புத்தகங்கள் காய்ந்ததும் செங்கல்லாகிவிட்டன. பூச்சிலுள்ள பசை இளகி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, காயும்போது இறுகிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து இடையில் தாள் வைத்திருந்தால், அல்லது பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து நிதானமாகப் பிரித்திருந்தால் பிழைத்திருக்கும். அன்று அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கரண்ட் இல்லை.

கடைசியில் எதை எடுப்பது?

அறுபது முதல் நூறு பக்கம் வரையுள்ள குடும்பப் புத்தகத்துக்கு 150 அல்லது 170 ஜிஎஸ்எம் சில்க் அல்லது மேட் ஆர்ட், கிரெய்ன் முதுகுக்கு இணையாக, கூடுமானால் தையல், உள்ளே லாமினேஷன் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஊர், மனிதர், நிலம் என்று எடுத்தவர்கள் 140 வாக்கில் பூச்சில்லாத தாளைத் துணிந்து எடுக்கலாம். கோப்பை அதற்கென்று திருத்தித் தர வேண்டும். கல்யாணத்துக்கு அசல் புகைப்படத் தாள், பக்கங்களைக் குறைத்து. காட்சிக்கு வைக்கும் பளபளப்புப் பொருள்கள், நகைக் கடை அட்டவணை, கார் விளம்பரம் ஆகியவற்றுக்கு கிளாஸ் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையும் நம்பி அப்படியே கொடுத்துவிடாதீர்கள். முதலில் அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில், அச்சில்லாத வெற்று டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்லுங்கள். அதைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். மூடிக்கொண்டால் தாளின் எடையைக் குறையுங்கள் அல்லது கட்டும் முறையை மாற்றுங்கள். அடுத்து உங்கள் படங்களில் மிக இருண்டது ஒன்று, ஒரு முகம், ஒரு வெள்ளை வேட்டி ஆகிய மூன்றையும் இரண்டு வகைத் தாளில் அடித்து வாங்கி, பகலில் ஜன்னலோரமும் இரவில் டியூப்லைட்டின் கீழும் பாருங்கள். இந்தச் செலவு மொத்தச் செலவில் ஒரு துளி.

புத்தகம் முடிந்ததும் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் தாளின் பெயர், ஜிஎஸ்எம், அச்சு முறை, கட்டிய விதம், மாதம், ஆண்டு ஆகியவற்றைப் போட்டுவையுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் மகளோ பேரனோ இன்னொரு பிரதி போட நினைத்தால் அச்சகத்தில் கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.